வீடு வேண்டாம் என்று கை வைத்தோம்

என் மகள் அமராவதிக்கு ஒரு வீடு கிடைப்பதாக இருந்தது. கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம். அரசாங்கத்தைத் திட்டலாம், தோட்டத்தை வாங்கிய கம்பெனியைத் திட்டலாம், பக்கத்துக் குடியிருப்புத் தாமான்காரர்களைத் திட்டலாம். எல்லாரையும் திட்டி முடித்துவிட்டேன். திட்டி முடித்த பிறகும் மிச்சம் நிற்கிற ஆள் நான்.

எண்பத்தைந்தாம் வருஷம் எங்கள் தோட்டத்தை விற்றார்கள். கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே வருகிற ரோட்டில் ஏழாவது மைலில் இருந்ததால் அதற்கு ஏழாங்கட்டைத் தோட்டம் என்று பேர். ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற நேரத்தில், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி ஒரு காகிதத்தை வாசித்தார். அடுத்த வருஷக் கடைசிக்குள் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும். அவ்வளவுதான். வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வேலையிலிருந்து நின்று ஆறு வருஷம் ஆகிவிட்டது. மாட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனவன் நின்று கேட்டேன். அன்றைக்கும் எல்லாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போனார்கள்.

புதுக் கம்பெனி ரப்பரை அழித்துவிட்டு வீடும் கடையும் கட்டப் போகிறது. விவசாய நிலத்தில் நினைத்தபடி கட்ட முடியாது, நிலத்தின் வகையை மாற்ற வேண்டும். அதற்கு மனுப் போட்டிருந்தார்கள். இப்படிக் கட்டுகிறவன் நூறு வீடு கட்டினால் முப்பது வீட்டை ஏழைகளுக்கு மலிவு விலையில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று மாநிலத்தில் ஒரு விதி இருப்பதாகச் சொன்னார்கள். அந்த மலிவு வீடு லயத்து ஆட்களுக்குத்தான் என்றும் சொன்னார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நான் எதையும் நம்புகிறவன் இல்லை. சுதந்திரம் வந்த சமயத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பப் பாரம் எழுத லயம் லயமாக வந்தார்கள். கையெழுத்துப் போட்டால் ராணுவத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் போடவில்லை. அதனால் இன்றைக்கும் என்னிடம் இருப்பது குடியுரிமை இல்லாதவனுக்குக் கொடுக்கிற சிவப்பு அடையாளக் கார்டு. தொழிலாளர் சங்கத்துப் பாரத்திலும் போடவில்லை. ஒரு சீட்டுக் கம்பெனிக்காரன் வந்தபோதும் போடவில்லை. அவன் ஓடிப்போனான், போட்டவர்கள் அழுதார்கள். அதிலிருந்து சன்னாசி கை வைக்கமாட்டான் என்று தோட்டத்தில் எனக்கு ஒரு பேர் நின்றுவிட்டது. அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

தோட்டத்து எல்லையில், பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தாமான் கெனாங்கா. கல் வீடுகள் நாலு வரிசை. வாத்தியார், போலீஸ்காரர், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸர் என்று மாதச் சம்பளக்காரர்கள். மலாய்க்காரர், சீனர், நம்ம ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். மலிவு வீடுகள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வருவதாக வரைபடத்தில் இருந்தது. நாலு மாடி அடுக்கு வீடு, ஆறு கட்டடம். கம்பெனிக்கு அது நிலத்தின் கடைசி ஓரம். தாமானுக்கு அது பின்வாசல்.

அந்தத் தாமானில் பதினொரு வீட்டுக்கு நான் பால் ஊற்றினேன். நாலு மாடு வைத்திருந்தேன். காலையில் கறந்து, பழைய பீர் போத்தல்களில் ஊற்றி, வாழை இலையைச் சுருட்டி அடைத்து, சைக்கிளில் கொண்டுபோவேன். மிச்சப் பால் ரோட்டோரத்து மீரா முகைதீன் கடைக்கு. அவர் டீக்கடைக்கு என் பால் இல்லாமல் ஆகாது.

ஏழாம் நம்பர் வீடு தேவதாஸ் வாத்தியாருடையது. அவரும் ஒரு தோட்டத்தில் பிறந்த பிள்ளைதான், வேறு தோட்டம். ஒருநாள் போத்தலை வாசலில் வாங்காமல் உள்ளே கூப்பிட்டார்.

"உக்காருங்க பெரியவரே. காப்பி போடச் சொல்றேன்."

பத்து வருஷமாகப் பால் ஊற்றுகிறேன், உள்ளே கூப்பிட்டது அன்றைக்குத்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மெத்தை வைத்த நாற்காலி. சாணி ஒட்டிய கால்சட்டையோடு அதன் நுனியில் உட்கார்ந்தேன்.

"எத்தன மாடு இப்ப?"

"நாலு. ஒண்ணு சென."

"அந்த நாலு மாடி வீட்ல எங்க கொண்டுபோயி கட்டுவீங்க?"

"வீடு யாருக்குங்க வேணும்? எவன் குடுக்கப் போறான்?"

"குடுத்தாலும் ரெண்டு ரூம்பு. ஒரு கோழிய வளக்க முடியாது. கட்டடம் வருதுன்னாலே மொதல்ல மாட்டத்தான் வெளியாக்குவாங்க."

"லயத்த ஒடச்சாலும் மாடு வெளியதான் வாத்தியாரே."

"அதத்தான் சொல்றேன். கம்பெனி மனு தள்ளுபடியாயிட்டா எதுக்கு ஒடைக்கிறான்? நெலம் தோட்டமாவே கெடக்கும். தோட்டம் இருந்தா லயம் இருக்கும். லயம் இருந்தா ஒங்க மாடு இருக்கும்."

எனக்கு அது நேரான பேச்சாகப் பட்டது. தாமான்காரர்கள் ஆட்சேபம் எழுதுவதாகவும், தோட்டத்து ஆட்களும் சேர்ந்து கை வைத்தால் கனம் கூடும் என்றும் சொன்னார். ஒரு தாளை எடுத்து நீட்டினார். மேலே இரண்டு வரி மலாயில் தட்டச்சு அடித்திருந்தது. கீழே வெறும் கோடுகள்.

என் வாழ்நாளில் என்னிடம் வந்த காகிதம் எல்லாம் எதையாவது கேட்கிற காகிதம். பணம் கொடு, பேர் கொடு, வா, போ. வேண்டாம் என்று சொல்லுகிற காகிதம் அது ஒன்றுதான் வந்தது. அதனால்தானோ என்னவோ, பேனாவை வாங்கி முதல் கோட்டில் சன்னாசி என்று தமிழில் எழுதினேன். அது ஒன்றுதான் எனக்கு எழுத வரும்.

போகிற வழியில் மீரா முகைதீன் கடையில் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் மலாய் நன்றாக வாசிப்பார். மேலே இருந்த இரண்டு வரியை வாசித்தார்.

"இது மூணாம் பக்கம்ணே. இதுக்கு முன்னால ரெண்டு பக்கம் இருக்கே, அது எங்க?"

"வாத்தியார்கிட்ட இருக்கும்."

"வாங்கிட்டு வாங்க. நான் வாசிச்சுச் சொல்றேன். வாசிக்காம ஆளுங்கள்ட்ட கை வாங்காதீங்க."

"அதுல என்னா இருக்கப் போவுது? வேணாம்னுதான் எழுதியிருக்கும்."

"வேணாம்கிறத ரெண்டு பக்கத்துக்கா எழுதுவாங்க?"

நல்ல கேள்வி. ஆனால் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? ஆறு கட்டடம் வந்தால் கடைக்கு எத்தனை பேர் டீ குடிக்க வருவார்கள், அதுதான் பாய் தடுக்கிறான் என்று போயிற்று. பாலைக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். எப்போதும் சந்தேகப்படுகிற எனக்கு, சந்தேகப்பட வேண்டிய ஆளைத் தெரிந்தெடுக்கத் தெரியவில்லை.

அந்த வாரம் லயத்து வீடு ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினேன். ஐயாவு என்னோடு வந்தான். அவனும் மாடு வைத்திருந்தவன், வாய் நிற்காது.

"ஏண்ணே, நாலாவது மாடில வீடு குடுத்துட்டா, மாட்டப் பின்னாலேர்ந்து நீ தள்ளு, நான் முன்னால கயித்தப் புடிச்சு இழுக்குறேன். ஏத்திப்புடலாம். எறக்குறதுதான் செரமம்."

"வாய மூடிக்கிட்டு மையப் புடிடா."

இராஜம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன காகிதம் என்றுகூடக் கேட்கவில்லை.

"சன்னாசி மாமாவே கை வச்சிட்டாரா?" என்று ஐயாவுவிடம் கேட்டாள்.

"மொத ஆளே அவருதான்."

"அப்ப எனக்கென்னா பயம். மைய இங்கிட்டுக் கொண்டா." விரலைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

எல்லா வீட்டிலும் இதே பேச்சுத்தான். யாரையும் நம்பாதவன் கை வைத்திருக்கிறான் என்பதுதான் அவர்களுக்கு அத்தாட்சி. நான் சீட்டுக் கம்பெனிக்காரனாக இருந்திருந்தால் துரத்தியிருப்பார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிக்கு மேல் கைநாட்டு. தாள் போதாமல் வாத்தியார் இன்னும் நாலு தாள் கொடுத்தார். எல்லாவற்றிலும் முதல் இரண்டு வரி அப்படியே இருந்தது.

அமராவதி வீட்டில் இல்லாத நேரத்தில்தான் இதெல்லாம் நடந்தது. அவள் ராவாங்கில் ஒரு பேக்டரியில் வேலை செய்தாள். தோட்டத்து முனையில் விடியும் முன்னால் பேக்டரி பஸ் வரும், ஏறினால் திரும்ப இருட்டிவிடும். அவள் புருஷன் லோரி ஓட்டுகிறேன் என்று ஜொகூர் பக்கம் போனவன் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள், எட்டு வயதில் ஒன்று, ஆறு வயதில் ஒன்று. என் லயத்து வீட்டில்தான் எல்லாரும் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழாயடியில் பேக்டரிச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தவள் விறுவிறு என்று உள்ளே வந்தாள். இராஜம்மா சொல்லியிருக்கிறாள். கை முழுக்க சவர்க்கார நுரை.

"அப்பா, நீ என்னா காயிதத்துல கை வச்ச?"

சொன்னேன்.

அவள் அலமாரியைத் திறந்து துணிக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். அரசாங்க முத்திரை. எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் அவளே சொன்னாள். மலிவு வீட்டுக்குப் பாரம் எழுதிப் போட்டிருக்கிறாள். பேர் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. ஏழாங்கட்டையில் கட்டடம் எழும்பினால் அவளுக்கு ஒரு வீடு. தவணையில் கட்டலாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கிழிச்சுப் போட்டிருப்ப."

கிழித்துத்தான் போட்டிருப்பேன்.

"மாட்ட எங்க கட்டுறது?" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"மாட்டப் பத்திக் கேக்குற. என் ரெண்டு புள்ளைங்கள எங்க கட்டுறதுன்னு கேக்குறியா?" சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "பேக்டரி பஸ்ஸு இங்கதான் வருது. பள்ளிக்கூடம் இங்கதான் இருக்கு. இந்த வீட்ட விட்டா எனக்கு வேற வழி இல்லப்பா. ஒனக்குச் செவப்புக் கார்டு, ஒன் பேர்ல ஒண்ணும் கெடைக்காது. என் பேர்லதான் கெடைக்கும்."

"லயத்த ஒடைக்கமாட்டான்னு வாத்தியாரு..."

"வாத்தியாரு லயத்துலயா இருக்காரு?"

வியாழக்கிழமை டவுன் ஆபீசில் ஆட்சேபக் கூட்டம் வைத்திருந்தார்கள். வாத்தியார் என்னையும் வரச் சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"போ. அங்க எந்திரிச்சு நின்னு, தெரியாம வச்சிட்டேன், வாசிக்கல, எங்களுக்கு வீடு வேணும்னு சொல்லிடு. எழுதக்கூட வேணாம். வாயால சொன்னாப் போதும்."

"சரி."

"சொல்லுவியா?"

"சொல்றேங்கறேன்ல."

மாடு போனால் போகட்டும் என்று அந்த மூன்று நாளில் மனதை ஆற்றிக்கொண்டேன். இதை நான் சொல்லியாக வேண்டும். மனதில்லாமல் நான் போகவில்லை. சொல்வதற்காகத்தான் போனேன்.

வியாழக்கிழமை ஐயாவு, இராஜம்மா, இன்னும் எட்டுப் பேர் என்னோடு லோரியில் வந்தார்கள். நல்ல சட்டை போட்டிருந்தோம். தாமான்காரர்கள் முப்பது பேருக்கு மேல் வந்து நாற்காலிகளை நிறைத்திருந்தார்கள். எங்களுக்குச் சுவரோரம் நிற்க இடம் கிடைத்தது. முன்னால் மேசையில் மூன்று அதிகாரிகள். பக்கத்தில் கம்பெனி ஆள் ஒருவன் டை கட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தான்.

நடு அதிகாரி தாமான்காரர்களின் ஆட்சேப மனுவை மலாயில் வாசித்தார். எனக்குச் சந்தை மலாய் தெரியும். பால் விற்க, மீன் வாங்க, பஸ்ஸில் போக அது போதும். ஆபீஸ் மலாய் தெரியாது. சத்தம் மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து தெரிந்த சொல் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. லெம்பு. மாடு. அது நமக்குத்தான் என்று நிமிர்ந்தேன். பிறகு கோத்தோர். அழுக்கு. பிறகு மாபோக். குடிவெறி. பிறகு சூரி. திருட்டு. மறுபடி கோத்தோர்.

ஐயாவு என் முழங்கையை இடித்தான். "அண்ணே, யாரச் சொல்றான்?"

யாரைச் சொல்கிறான் என்று அவனுக்கும் தெரியும். தோட்டத்து ஆட்கள் மாடி வீட்டுக்கு வந்தால் தாமான் அழுக்காகும், குடித்துவிட்டுச் சண்டை போடுவார்கள், வாசலில் சாணி கிடக்கும், வீட்டு விலை விழுந்துவிடும். நாங்கள்தான். எங்களைப் பற்றி எழுதிய தாளில் நாங்களே கை வைத்திருந்தோம். என் பேர் முதல் பேர்.

தேவதாஸ் வாத்தியாரைத் தேடினேன். இரண்டாவது வரிசையில் இருந்தார். பிடரிதான் தெரிந்தது. திரும்பவில்லை.

வாசித்து முடித்த அதிகாரி தாளைப் புரட்டினார். "இதில் தோட்டத்துத் தொழிலாளிகள் நூற்றுப் பன்னிரண்டு பேர் கை வைத்திருக்கிறார்களே, முதல் கையெழுத்து யார்?" என்று கேட்டார். வாத்தியார் அப்போதுதான் திரும்பி என்னைக் கையால் காட்டினார். அதிகாரி என்னை முன்னால் கூப்பிட்டார். மாமா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். சின்ன வயதுக்காரர். எனக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாக, சந்தை மலாயில் கேட்டார்.

"மாமா, இது உங்கள் கையெழுத்துத்தானே?"

தாளில் சன்னாசி என்று கோணல்மாணலாக இருந்தது.

"இதில் உள்ளதைத் தெரிந்துகொண்டுதானே போட்டீர்கள்? யாரும் ஏமாற்றவில்லையே?"

அதைவிட நல்ல கேள்வி ஒரு மனிதனிடம் கேட்க முடியாது. வழியை அகலத் திறந்து விட்டார். தெரியாமல் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. சுவரோரம் ஐயாவுவும் இராஜம்மாவும் மற்றவர்களும் நின்றார்கள். என் பேரைப் பார்த்து விரலை மையில் தொட்டவர்கள். வாசிக்காமல் போட்டேன், உங்களையும் போட வைத்தேன் என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அந்தத் தாமான்காரர்கள் முன்னால், எங்களை அழுக்கு என்று இப்போதுதான் வாசிக்கக் கேட்டவர்கள் முன்னால், அழுக்கு மட்டுமில்லை முட்டாளும்தான் என்று சொல்ல வேண்டும். சட்டைப் பையில் சிவப்புக் கார்டு இருந்தது. போட்ட கையெழுத்தை இல்லையென்றால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று ஒரு பயம். பயம் பாதிதான். மீதி வேறு.

"ஆமாம்" என்றேன்.

அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "வீடு யாருக்காகவோ, அவர்களே வேண்டாம் என்கிறார்கள்" என்றார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. மற்றவர் எழுதிக்கொண்டார். கொட்டாவி விட்ட கம்பெனி ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து டையைச் சரிசெய்துகொண்டான். அவனுக்கும் மலிவு வீடு கட்டுவதில் விருப்பமில்லை என்று அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் வாத்தியாரை மறித்தேன்.

"என்னையவா அழுக்குன்னு எழுதுன?"

"பெரியவரே, மெதுவா. ஒங்கள இல்ல. பொதுவா எழுதுறது அப்படித்தான்."

"எங்க சாணியப் பத்தி எழுதுனது நீதான?"

"கமிட்டி எழுதுனது. நான் ஒரு ஆள் மட்டுமா எழுதுனேன்?" அவர் முகம் வெளுத்திருந்தது. "இருபது வருஷத்துக்குக் கடன் வாங்கி வீடு வாங்கியிருக்கேன். பின்னால ஆறு கட்டடம் வந்தா அது என்னா வெலைக்குப் போகும்? என் நெலமையையும் பாருங்க."

"நான் கறந்து குடுக்குற பாலக் குடிக்கிற."

"நீங்க வேற பெரியவரே" என்றார். மற்றவர்கள் மாதிரி இல்லை நீங்கள் என்று என்னைத் தட்டிக்கொடுக்கிறாராம். அடித்திருக்கலாம். ஐயாவு கையைப் பிடித்துக்கொண்டான். அவன் பிடிக்காவிட்டாலும் நான் அடித்திருக்கமாட்டேன்.

வீட்டுக்குப் போய் அமராவதியிடம் சொல்லவில்லை. ஐயாவு பெண்சாதி மூலமாக அவளுக்குத் தெரிந்தது. சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். பிள்ளைகளிடம் மட்டும் பேசினாள்.

மறுநாள் மீரா முகைதீனிடம் போய் நின்றேன். பழைய பேச்சு ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. ஆபீசிலிருந்து மூன்று பக்கத்தின் நகலையும் அவரே வாங்கி வந்தார். முதல் பக்கத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இவங்க மொத்தத் திட்டத்தையும் வேணாம்கல. கல் வீடு, கடை எல்லாம் தாராளமா வரட்டும்னு எழுதியிருக்காங்க. மலிவு வீட்ட மட்டும் இங்கேர்ந்து தூக்குங்கன்னுதான் கேட்டிருக்காங்க."

"அப்ப லயம்?"

"லயத்தப் பத்தி ஒரு வரி இல்ல."

அவரே ஒரு கடிதம் எழுதினார். தெரியாமல் கை வைத்துவிட்டோம், திரும்ப எடுத்துக்கொள்கிறோம், எங்களுக்கு வீடு வேண்டும். அந்தக் கடிதத்தோடு மறுபடி லயத்தில் ஏறி இறங்கினேன். இந்தத் தடவை அறுபது பேர்தான் கை வைத்தார்கள். மற்றவர்கள் கதவைத் திறந்துகொண்டு நின்றார்கள், விரலை நீட்டவில்லை.

"ஒருக்கா வச்சதுக்கே இப்படி ஆயிப்போச்சு. மறுக்கா என்னா வருமோ, வேணாம் மாமா" என்றாள் இராஜம்மா. என்னிடமிருந்து படித்த பாடம்தான்.

ஆபீஸ் கவுண்டரில் ஒரு பெண் அதை வாங்கி, பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை குத்தி, நகலைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்து என்ன என்று கேட்டேன். விசாரணை முடிந்துவிட்டது, இதைக் கோப்பில் வைப்போம் என்றது. ஐந்து தடவை போனேன். கோப்பில் இருக்கிறது என்றே சொன்னது. பொய் சொல்லவில்லை. கோப்பில்தான் இருந்திருக்கும்.

நாலு மாதம் கழித்துப் புதுக் கம்பெனி ஆட்கள் வந்து மாட்டுக் கொட்டகைகளில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதத்தில் மாடுகள் வெளியாக வேண்டும். சுங்கை பூலோவிலிருந்து லோரி கொண்டுவந்த ஆளுக்கு நாலையும் கொடுத்தேன். சினை மாடு ஏற மறுத்தது. நானே பின்னாலிருந்து தள்ளினேன்.

அந்த வாரமே அமராவதிக்கு இரண்டாவது கடிதம் வந்தது. மலிவு வீட்டுத் திட்டம் இடம் மாற்றப்பட்டது. புது இடம் சுங்கை ஆயர் தாவார். வேண்டுமா வேண்டாமா என்று பதினான்கு நாளில் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

"எங்கப்பா இருக்கு அது?"

"சபாக்குக்கும் அங்கிட்டு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். இரண்டு பஸ் மாற வேண்டும். பாசிர் பஞ்சாங், செகிஞ்சான், நெல் வயல், பிறகு தென்னை, தென்னை, தென்னை. சபாக்கில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றோம். போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒரு தென்னந்தோப்பில் மரக்குச்சிகள் நட்டு சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். வீடு என்று ஒன்றும் இல்லை. பலகை ஒன்று இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் பழுப்பாக நின்றது.

அமராவதி குச்சிகளுக்கு நடுவில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தாள். பலகையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள். எந்தக் கட்டடம் எங்கே வரும் என்று பார்த்திருப்பாள். ஓரத்தில் வாழைப்பழம் பொரித்து விற்ற மலாய் அம்மாவிடம், காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

"ஆறே முக்கால்" என்றது அந்த அம்மா.

"ராவாங்குக்கு ஏழு மணிக்குப் போக முடியுமா?"

அந்த அம்மா சிரித்துவிட்டது. கேலி இல்லை, இந்தப் பெண் விளையாட்டுக்குக் கேட்கிறது என்று நினைத்துவிட்டது. அமராவதியும் சிரித்தாள். பொரித்த பழம் ஒரு பொட்டலம் வாங்கினாள், பிள்ளைகளுக்கு.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். செகிஞ்சான் தாண்டியது.

"ராவாங்ல கூட வேல செய்ற புள்ள ஒண்ணு ரூம்பு எடுத்திருக்கு" என்றாள். "என்னையும் புள்ளைங்களையும் சேத்துக்குறேங்குது."

"சரி."

"ஒரே ரூம்புப்பா. பொம்பளைங்க மட்டும்."

"சரி, சரி. நான் ஐயாவுகூட இருந்துக்குறேன்."

"ஐயாவு மாமா எங்க இருக்கப் போறாரு?"

அது எனக்கும் தெரியாது. ஐயாவுக்கும் தெரியாது.

வயல் முடிந்து வீடுகள் வர ஆரம்பித்தன. அவள் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு கேட்டாள். கூட்டம் நடந்த நாளிலிருந்து அன்றுவரை கேட்காத கேள்வி.

"ஏம்பா ஆமான்னு சொன்ன?"

பயம் என்று சொல்லியிருக்கலாம். சிவப்புக் கார்டு என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"வெக்கமா இருந்துச்சும்மா. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். பிறகு பஸ் சார்ஜுக்காகப் பர்சைத் திறந்து சில்லறையைப் பார்த்தாள். ஆபீஸ் கடிதத்தை நாலாக மடித்து அதற்குள் வைத்தாள்.

"வேணாம்னு எழுதணும்னா என்னா எழுதணும்னு பாய்கிட்ட கேட்டுட்டு வரியாப்பா?" என்றாள். "நாளைக்குக் காலையில எனக்கு வேல."